அம்மா தலையில் யாருடைய முடி?

ஞாயிறு ஆராதனை முடிந்து சர்ச் படிகளில் இறங்கும்போது மயங்கி விழுந்த ஆர்லீத்தா, அதற்குப் பிறகு கண் திறக்கவே இல்லை. மகள் ஷெரீஸ் சார்லட் நகரிலிருந்து அடித்துப் பிடித்துக் காரை ஓட்டிக்கொண்டு அம்மாவின் ஊரான மேக்கன் வந்து சேர்ந்தபோது ஆஸ்பத்திரியில் படுக்கை காலியாக இருந்தது.

அதன் பிறகு எல்லா ஏற்பாடுகளையும் ஆர்லீத்தாவின் அக்கா வெர்னல் கையில் எடுத்துக்கொண்டாள். சவப்பெட்டி, பூ, பாட்டு, சர்ச்சில் யார் எங்கே உட்கார வேண்டும் என்பது வரை எல்லாம் அவள் சொன்னபடி. ஷெரீஸுக்கு அழுது ஓயவே நேரம் சரியாக இருந்ததால், பெரியம்மா இருக்கிறாளே என்று நிம்மதியாகவே இருந்தாள்.

அந்த நிம்மதி வெள்ளிக்கிழமை காலையோடு போயிற்று.

அடக்கம் மறுநாள் சர்ச்சில்; அன்றைக்கு உடலைப் பார்க்க ஊர் ஜனம் நாலு மணிக்குமேல்தான் வரும். அதற்கு முன்னால் குடும்பத்தார் மட்டும் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று சவ அடக்க நிலையத்தின் சொந்தக்காரர் கேஸ்கின் சொல்லியிருந்தார். ஷெரீஸ், அவள் தம்பி லாமார், லாமாரின் ஒன்பது வயது மகள் கெசியா, பெரியம்மா வெர்னல், நாலு பேரும் உள்ளே போனார்கள்.

தரைவிரிப்பு காலடி ஓசையை விழுங்கியது. எங்கிருந்தோ ஆர்கன் இசை மெல்லியதாக வந்துகொண்டிருந்தது. ஷெரீஸ் பெட்டியின் அருகே போய்க் குனிந்தாள். குனிந்தவள் அப்படியே நின்றாள்.

"இது யாரு?"

"என்னடி கேள்வி இது?" என்றாள் வெர்னல்.

"தெரியாமத்தான் கேக்கறேன் பெரியம்மா. இது யாரு?"

அம்மாவின் லாவண்டர் நிற உடைதான். அம்மாவின் கைகள்தான். அம்மாவின் முகம்தான், கொஞ்சம் பவுடர் கூடுதல். ஆனால் தலையில் பழுப்பு நிறத்தில், தோள்வரை வழுவழுவென்று தொங்கும் நீளமுடி. புருவத்துக்குமேல் கத்தரித்து விட்ட மாதிரி முன்முடி. டிவியில் சோப்பு விற்கும் பெண்களுக்கு இருக்கும் தலை.

கெசியா அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தாள். "பாட்டி ஏம்ப்பா வேற மாதிரி இருக்காங்க?"

லாமாரின் கண் தரைவிரிப்பில் இருந்தது.

"அழகா இருக்கா," என்றாள் வெர்னல். கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். "என் தங்கச்சி எவ்வளவு அழகுன்னு இந்த ஊர் கடைசியா ஒரு தடவை பார்க்கட்டும்."

"டோப்பாவையா பார்க்கட்டும்?"

"குரலைத் தாழ்த்து, ஷெரீஸ். இது சந்தைக்கடை இல்ல."

ஷெரீஸ் குரலைத் தாழ்த்தவில்லை. கேஸ்கினைக் கூப்பிட்டாள். கறுப்புக் கோட்டும் வெள்ளைக் கையுறையுமாக அவர் ஓடி வந்தார். நாற்பது வருஷமாக ஊரிலுள்ள கறுப்பின மக்களின் சாவெல்லாம் பார்த்த மனிதர். யார் கத்தினாலும் முகம் மாறாது.

"யாரைக் கேட்டு எங்கம்மாவுக்கு இதை வெச்சீங்க?"

"குடும்பத்தோட சம்மதம் இருக்குன்னு சொன்னாங்கம்மா. விக்கை உங்க பெரியம்மாதான் கொண்டுவந்து கொடுத்தாங்க."

"குடும்பம்னா நானும்தானே? என்னைக் கேட்டீங்களா?"

கேஸ்கின் தயங்கினார். பிறகு மெதுவாகச் சொன்னார். "உங்க தம்பிக்கு போன் பண்ணிக் கேட்டேன். அவர் சரின்னு சொன்னார்."

ஷெரீஸ் திரும்பி லாமாரைப் பார்த்தாள். ஆறடி உயரம், மொட்டையடித்துப் பளபளக்கும் தலை, கழுத்தை இறுக்கும் டை. கார் விற்கும் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து வாரத்துக்கு இரண்டு தடவை தலையை மழித்துக்கொள்கிறான்.

"லாமார்?"

"அக்கா, பெரியம்மா கேட்டாங்க. அவங்களுக்கு மனசு ஆறும்னு நெனச்சேன்."

"அம்மாவோட மனசு?"

அவன் மறுபடியும் தரைவிரிப்பைப் பார்த்தான்.

ஆர்லீத்தா நகராட்சித் தண்ணீர் அலுவலகத்தில் கவுண்டரில் உட்கார்ந்தவள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து மாதம் தவறாமல் முடியை நேராக்கும் மருந்தைத் தலையில் பூசிக்கொண்டாள். மண்டை எரியும். காதோரம் கொப்பளிக்கும். பொருக்குத் தட்டும். ஷெரீஸ் சிறுமியாக இருந்தபோது, தலையில் ஈரத் துணியைப் போட்டுக்கொண்டு பல்லைக் கடித்தபடி அம்மா சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறாள். கடைசியில் ஒருநாள் குளிக்கும்போது முடி கொத்தாகக் கையோடு வந்தது. அன்றைக்கே மிச்சமிருந்த நேர்முடியை ஒட்ட வெட்டிப் போட்டுவிட்டு, தன் சொந்த முடி எப்படி வளருகிறதோ அப்படி வளரட்டும் என்று விட்டுவிட்டாள்.

வளர்ந்தது. கறுகறுவென்று, நெருக்கமாக, ஸ்பிரிங் மாதிரிச் சுருண்டு சுருண்டு, நடுநடுவே வெள்ளி இழையோட வளர்ந்தது. ஐம்பது வயதுக்குமேல் ஒரு மனுஷி தன் தலையோடு சிநேகமான கதை அது. சனிக்கிழமை தோறும் ஷெரீஸுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்துவிட்டு, தலையைக் கழுவிச் சிக்கெடுத்துக்கொண்டே ஊர்க்கதை பேசுவாள். "இன்னிக்கு என் முடி நல்ல குணத்துல இருக்குடி," என்பாள், ஏதோ பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பற்றிச் சொல்வதுபோல.

அந்தத் தலையில்தான் இப்போது இந்தப் பழுப்பு டோப்பா.

"எடுங்க அதை," என்றாள் ஷெரீஸ்.

"யாரும் எதையும் தொடக் கூடாது!" வெர்னலின் குரல் ஆர்கன் இசைக்குமேல் எழுந்தது. "நாலு மணிக்கு சர்ச் மொத்தமும் வரப்போகுது. பாஸ்டரம்மா வர்றாங்க. லாமாரோட முதலாளி, அந்த வெள்ளைக்காரர், பெண்டாட்டியோட வர்றார். அவங்க முன்னாடி பரட்டைத் தலையோட என் தங்கச்சி படுத்துக் கிடக்கணுமா?"

"பரட்டைத் தலையா?"

"பின்ன என்ன? அவ உயிரோட இருக்கறப்பவே சொல்லிச் சொல்லி அலுத்துப்போனேன். ஈஸ்டர் அன்னிக்கு முன்வரிசையில அந்தத் தலையோட வந்து உட்கார்ந்தா. எனக்கு மானமே போச்சு."

"அதனால நீங்க எழுந்து பின்வரிசைக்குப் போயிட்டீங்க. அம்மா என்கிட்ட சொன்னாங்க. சொல்லிட்டு அழுதாங்க. அது உங்களுக்குத் தெரியுமா?"

வெர்னல் தொப்பியைச் சரிசெய்துகொண்டாள்.

"நீ நேத்துப் பொறந்தவ. உனக்கு என்ன தெரியும்? டெலிபோன் கம்பெனியில வேலைக்குப் போய் நின்னப்ப, என் தலையைப் பார்த்துட்டு, 'முதல்ல போய் மனுஷி மாதிரி சீவிக்கிட்டு வா'ன்னு சொன்னாங்க. இரும்புச் சீப்பை அடுப்புல காய்ச்சி, தலையைத் தீய்ச்சி நேராக்கிக்கிட்டுப் போனேன். கதவு திறந்துச்சு. அப்புறம் ஆர்லீத்தா தலையையும் நான்தான் தீய்ச்சேன். அவளுக்கும் கதவு திறந்துச்சு. நீ படிச்ச படிப்பு, நீ ஓட்டற காரு, எல்லாம் அந்தக் கதவு வழியாத்தான் வந்துச்சு. மறந்துடாத."

அது பொய்யில்லை. அதனால்தான் ஷெரீஸுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

"அந்தக் கதவெல்லாம் முடிஞ்சுபோச்சு பெரியம்மா. இப்ப அவங்க போற இடத்துல வாசல்ல நின்னு யார் தலையைப் பார்க்கப் போறாங்க? அங்கயும் மனுஷி மாதிரி வேஷம் கட்டிக்கிட்டுத்தான் போகணுமா?"

ஷெரீஸ் பெட்டிக்குள் கைவிட்டு அந்த முன்முடியை மெதுவாகத் தூக்கப் பார்த்தாள். அது வரவில்லை.

"ஒட்டியிருக்கா?" அவளுக்கு நம்ப முடியவில்லை. "பசை போட்டா ஒட்டியிருக்கீங்க?"

கேஸ்கின் முகத்தில் முதல் முறையாக ஒரு சங்கடம் தெரிந்தது. "நகரக் கூடாதுன்னு... நெத்தியோரம் மட்டும் கொஞ்சம்..."

"உயிரோட இருந்தப்ப மருந்தைப் போட்டுப் பொசுக்கினது பத்தலையா? செத்தப்புறம் பசை வேறயா? மரத்துல நோட்டீஸ் ஒட்டற மாதிரி எங்கம்மா நெத்தியில ஒட்டியிருக்கீங்களே, உங்க வீட்டுப் பொம்பளைன்னா ஒட்டுவீங்களா?"

"அவர்கிட்ட ஏன் பாயற? நான்தான் ஒட்டச் சொன்னேன்," என்றாள் வெர்னல்.

"அப்ப நான் பிரிக்கறேன். நாலு மணிக்குள்ள எங்கம்மா தலையை நானே சீவிவிடறேன். கேஸ்கின் ஐயா, தண்ணி வேணும், துண்டு வேணும். நான் அவங்க மக. இதுக்கு யார் சம்மதமும் எனக்கு வேண்டாம்."

கேஸ்கின் லாமாரைப் பார்த்தார். லாமார் தலையை லேசாக அசைத்தான். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். கேஸ்கின் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

வெர்னல் கைப்பையை வெடுக்கென்று தோளில் மாட்டிக்கொண்டாள். கதவருகே போனவள் திரும்பி வந்து கெசியாவின் கையைப் பிடித்தாள். கெசியாவின் தலையில் இரண்டு பக்கமும் பஞ்சுமிட்டாய் உருண்டை மாதிரி இரண்டு கறுப்புக் கொண்டைகள். ராணுவத்தில் வேலை பார்க்கும் அவள் அம்மா யொலண்டா, கொரியாவுக்குப் போகுமுன் லாமாருக்குப் பக்கத்தில் நின்று பழக்கிவிட்டுப்போன கொண்டைகள்.

"பிள்ளை இதையெல்லாம் பார்க்க வேண்டாம். என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். சாப்பாடு போட்டு, குளிக்க வெச்சு, சாயங்காலம் கூட்டிட்டு வரேன்."

"சரி பெரியம்மா," என்றான் லாமார்.

எதற்கெடுத்தாலும் சரி. ஷெரீஸ் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

*

பசையைக் கரைக்க எண்ணெய் தேவைப்பட்டது. நிலையத்தில் முகப்பூச்சு வேலை பார்க்கும் டோனியா என்ற பெண் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, குற்றவாளி மாதிரி ஓரமாக நின்றாள்.

"கோவிச்சுக்காதீங்க. இங்க வர்ற குடும்பமெல்லாம் விக்கு, இல்ல நேர்முடி, இதைத்தான் கேக்கறாங்க. இந்த மாதிரி அப்படியே விடுங்கன்னு யாரும் கேட்டதில்ல."

"நம்ம ஜனமே கேக்கறதில்லையா?"

"நம்ம ஜனம்தான் கேக்கறதில்ல."

டோப்பா வந்துவிட்டது. அடியில் நைலான் வலைத் தொப்பி. அதற்கும் அடியில் அம்மாவின் முடி. எண்ணெயில்லாமல், தண்ணீர் காட்டாமல், மண்டையோடு மண்டையாக இழுத்து இறுக்கிப் பின்னி, ஊசி குத்தி நசுக்கி வைத்திருந்தார்கள். நெற்றியோரத்தில் பசை பிடித்து இழுத்த இடத்தில் சின்னச் சின்ன முடிகள் போயிருந்தன.

ஷெரீஸ் அந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினாள். லாமார் பக்கம் திரும்பினாள்.

"அம்மா பாத்ரூம்ல ஜன்னல் ஓரமா அவங்க சாமான் இருக்கும். அகலப் பல் சீப்பு, தண்ணி ஸ்ப்ரே, தலையில தடவற ஷியா வெண்ணெய் டப்பா. எல்லாத்தையும் எடுத்துட்டு வா."

அவன் போய்விட்டு வருவதற்குள் அவள் பின்னல்களைப் பிரித்து முடித்திருந்தாள். டப்பாவைத் திறந்ததும் அம்மாவின் வாசனை அறை முழுக்கப் பரவியது. லாமார் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"அழறதுன்னா இங்க நின்னு அழு. இந்தக் கொத்தைப் பிடிச்சுக்கோ."

அவள் தண்ணீரைத் தெளித்தாள். காய்ந்து கிடந்த முடி தண்ணீர் பட்டதும் மெல்லச் சுருண்டது. உயிர் போன உடம்பில் அது மட்டும் பழைய குணத்தோடு இருந்தது. தலையை நாலாகப் பிரித்துக் கிளிப் போட்டாள். ஒவ்வொரு கொத்தையும் நுனியிலிருந்து சிக்கெடுத்துக்கொண்டே வேரை நோக்கிப் போனாள். மேலிருந்து இழுத்தால் அறுந்துவிடும். அவசரப்பட்டாலும் அறுந்துவிடும். விரலால் சிக்கைத் தளர்த்தி, அப்புறம் சீப்பு, அப்புறம் உள்ளங்கையில் உருக்கிய வெண்ணெய். பிறகு கொத்தை இரண்டாகப் பிரித்து ஒன்றோடு ஒன்று முறுக்கிப் புரி போட்டாள்.

"ஏன்டா சரின்னு சொன்ன?" தலை நிமிராமலே கேட்டாள்.

"முதலாளி வர்றார்க்கா."

"அதுக்கு?"

"அம்மா ஒரு தடவை ஷோரூமுக்கு வந்தாங்க. எனக்கு மதியச் சாப்பாடு கொண்டுக்கிட்டு. அவங்க போனப்புறம் ஒருத்தன் கேட்டான், 'உங்கம்மா கரண்ட்டுல கையை வெச்சுட்டாங்களா'ன்னு. எல்லாரும் சிரிச்சாங்க."

"நீ?"

அவன் பிடித்திருந்த கொத்தையே பார்த்தான். "நானும் சிரிச்சேன்."

ஷெரீஸின் கை நின்றது. அந்த அறையில் உடைக்க ஏதாவது இருந்திருந்தால் உடைத்திருப்பாள். அம்மாவின் தலை கையில் இருந்ததால் உடைக்கவில்லை.

"நாலஞ்சு பசங்க ஒரு ஜோக் அடிச்சாங்கன்னு, பெத்தவளைப் பெட்டிக்குள்ளயும் ஒளிச்சு வைக்கப் பார்த்திருக்க."

"அவங்களைப் பார்த்து மறுபடியும் யாரும் சிரிக்கக் கூடாதுன்னுதான்..."

"சிரிக்கறவன் வாயை மூடணும்டா. அம்மா தலையை இல்ல."

அப்போது லாமாரின் போன் அடித்தது. பெரியம்மா என்று சொல்லிவிட்டு நடைக்குப் போனான். கதவு பாதி திறந்திருந்தது. "ம்... ம்... சரி," என்ற சத்தம் மட்டும் கேட்டது. திரும்பி வந்து, ஷெரீஸ் நீட்டிய கொத்தை மறுபடியும் பிடித்துக்கொண்டான். கெசியா சாப்பிட்டுவிட்டாளாம் என்றான்.

மூன்று மணி தாண்டியதும் புரிகளையெல்லாம் சேர்த்து முன்னிருந்து பின்னாகத் தூக்கி, ஒரு மகுடம் மாதிரிச் சுற்றிக் கட்டினாள் ஷெரீஸ். நெற்றியின் மேல் வெள்ளி இழைகள் ஓடும் இடத்தை வேண்டுமென்றே வெளியே தெரிய விட்டாள். டோனியா வந்து முகத்தில் அப்பியிருந்த பவுடரைத் துடைத்து எடுத்தாள். யாரும் கேட்காமலே செய்தாள்.

"வந்துட்டாங்க," என்றான் லாமார். அம்மா வந்துவிட்டாள் என்ற அர்த்தத்தில். கன்னம் நனைந்திருந்தது.

*

நாலு மணிக்குக் கதவு திறந்தார்கள்.

முதலில் வந்தவள் தண்ணீர் அலுவலகத்தில் பக்கத்துக் கவுண்டரில் உட்கார்ந்திருந்த மேவிஸ். பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு நெஞ்சில் கைவைத்தாள். "என் ஆர்லீத்தா. எந்த ஆர்லீத்தாவைப் பார்க்கப் போறேனோன்னு பயந்துக்கிட்டே வந்தேன்," என்றாள். ஷெரீஸ் அவளைக் கட்டிக்கொண்டு அன்றைக்கு முதல் முறையாக வாய்விட்டு அழுதாள்.

எல்லோரும் மேவிஸ் இல்லை. தொப்பி வைத்த இரண்டு பெண்கள் பெட்டியைப் பார்த்துவிட்டு, ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

"பாவம், சாவு வீட்டுல தலை சீவி விடக்கூட ஆள் இல்ல போல."

"சீவித்தான் விட்டிருக்கு," என்றாள் ஷெரீஸ் பின்னாலிருந்து. "நான்தான் சீவினேன். காலையிலேர்ந்து சீவினேன். உங்களுக்குத் தெரியலைன்னா கண்ணாடி போட்டுக்கிட்டு இன்னொரு தடவை வாங்க."

அந்தத் தொப்பிகள் இரண்டும் வேகமாக நகர்ந்தன.

லாமாரின் முதலாளி வந்தார். அவர் மனைவி பெட்டிக்குள் பார்த்து, "அட, என்ன சுவாரஸ்யமான தலை! தொட்டுப் பார்க்கலாமா?" என்று கையை நீட்டிவிட்டாள்.

ஷெரீஸ் ஓரடி முன்னால் வைத்தாள். ஆனால் அதற்குள் லாமார் நடுவில் வந்து நின்றுவிட்டான்.

"கூடாதும்மா," என்றான்.

"ஆசையாத்தான் கேட்டேன்..."

"புரியுது. எங்கம்மாவைத் தொடக் கூடாது."

முதலாளியின் காதுகள் சிவந்தன. இரங்கலை இரண்டு வார்த்தையில் முடித்துக்கொண்டு மனைவியைக் கூட்டிக்கொண்டு போனார். லாமார் டையைத் தளர்த்தினான். ஷெரீஸ் அவன் முழங்கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள். காலையிலிருந்து அவன்மேல் இருந்த கோபத்தில் பாதி அங்கே இறங்கியது.

பாதிதான்.

கூட்டம் கரைந்துகொண்டிருந்தபோது வெர்னல் வந்தாள். ஷெரீஸின் மூக்குக்குத்தான் முதலில் தெரிந்தது. பூ வாசனையையும் சென்ட் வாசனையையும் கிழித்துக்கொண்டு வந்த அந்த நெடி. அழுகிய முட்டையும் பினாயிலும் கலந்தாற்போல. சின்ன வயதில் சமையலறையில் அம்மாவின் நாற்காலியைச் சுற்றி இருந்த அதே நெடி.

வெர்னலின் பின்னாலிருந்து கெசியா வெளியே வந்தாள்.

இரண்டு கொண்டைகளையும் காணோம். முடி நேராக, எண்ணெய் தடவிய நூல்மாதிரித் தலையோடு ஒட்டித் தோளில் தொங்கியது. முன்னால் ஒரு வெள்ளை ரிப்பன். இடது காதுக்குப் பின்னால் ஒரு நாணயம் அளவுக்குத் தோல் வெந்து ஈரமாகப் பளபளத்தது. பிள்ளை கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்தே வைத்திருந்தாள்.

"பாருங்க, எப்படி இருக்கா பாருங்க, பொம்மை மாதிரி!" என்றாள் வெர்னல். குரலில் கெஞ்சலும் இருந்தது, வீம்பும் இருந்தது. "நாளைக்கு முன்வரிசையில உட்காரப் போற பிள்ளை. ஒருத்தர் ஒரு வார்த்தை சொல்ல முடியாது."

"மருந்தைப் போட்டீங்களா?" ஷெரீஸுக்குத் தன் குரலே கேட்கவில்லை. "ஒன்பது வயசுக் குழந்தை தலையில மருந்தைப் போட்டீங்களா?"

"எங்க காலத்துல ஆறு வயசுப் பிள்ளைக்கே போட்டாங்க. யாராவது செத்துட்டாங்களா?"

"அந்தக் காதைப் பாருங்க! வெந்திருக்கு!"

"கொஞ்சம் ஆடிட்டா, பட்டுடுச்சு. ரெண்டு நாள்ல ஆறிடும். செத்தவளைத்தான் என்னால காப்பாத்த முடியல. இவளையாவது காப்பாத்தறேன்."

"யார்கிட்டேர்ந்து பெரியம்மா? யார்கிட்டேர்ந்து காப்பாத்தறீங்க? இந்தப் பிள்ளையை இன்னிக்கு யார் சுட்டாங்க? டெலிபோன் கம்பெனிக்காரனா வந்து சுட்டான்?"

வெர்னலின் தொப்பி வலைக்குப் பின்னால் கண் கலங்கியதா என்று ஷெரீஸ் பார்க்கவில்லை. பார்க்க அவளுக்கு இஷ்டமில்லை. டோனியாவிடம் ஈரத்துணி வாங்கி, மண்டியிட்டு, கெசியாவின் காதோரம் ஒற்றினாள்.

"எரியுதாடா கண்ணு?"

"இப்ப கொஞ்சம். அப்ப ரொம்ப எரிஞ்சுது அத்தை. போதும்னு சொன்னேன். பாட்டிக்காகப் பொறுத்துக்கோன்னு பெரிய பாட்டி சொன்னாங்க. பாட்டிக்குப் பிடிக்கும்னு சொன்னாங்க."

சொல்லிக்கொண்டே கெசியா பெட்டியை எட்டிப் பார்த்தாள். மகுடமாகச் சுற்றியிருந்த புரிகளையும் வெள்ளி இழைகளையும் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கை மெதுவாக மேலே போய்த் தன் தலையைத் தடவியது. அங்கே கைக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை.

"பாட்டி மறுபடியும் பாட்டி ஆயிட்டாங்க," என்றாள் மெல்ல. "எனக்கும் அந்த மாதிரி திரும்பப் பண்ணிடு அத்தை."

குழந்தையிடம் பொய் சொல்ல ஷெரீஸுக்கு மனம் வரவில்லை.

"இதைத் திரும்பப் பண்ண முடியாதுடா. இனிமே வேர்லேர்ந்து புதுசா வர்றதுதான் உன் முடி. அதுக்கு ரொம்ப நாள் ஆகும்."

கெசியா அழவில்லை. அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

"அப்பாகிட்ட கேட்டாத்தான் உக்காருவேன்னு சொன்னேன்ப்பா. பெரிய பாட்டி உனக்கு போன் பண்ணினாங்க. நீ சரின்னு சொல்லிட்டதா சொன்னாங்க. நெஜமாவாப்பா?"

அறையில் மிச்சமிருந்த நாலைந்து பேரும் பேச்சை நிறுத்தினார்கள். ஷெரீஸ் மண்டியிட்டபடியே தலையைத் தூக்கித் தம்பியைப் பார்த்தாள். மத்தியானம் நடையில் நின்று பேசிய போன். அதைப் பேசிவிட்டு வந்துதான் அம்மாவின் முடியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான். வெண்ணெய் தடவிக் கொடுத்திருக்கிறான். அழுதிருக்கிறான்.

வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கிருந்தே ஓடிப்போய்த் தடுத்திருக்கலாம்.

"நெஜம்தாம்மா," என்றான் லாமார். உடைந்த குரல். "நான்தான் சரின்னு சொன்னேன்."

கெசியா அப்பா நீட்டிய கையை விட்டு விலகி வந்து அத்தையின் பாவாடையைப் பிடித்துக்கொண்டாள்.

"இவ இன்னிக்கு என்கூடத்தான் இருப்பா," என்றாள் ஷெரீஸ் எழுந்து. "வழியில டாக்டர்கிட்ட காதைக் காட்டிட்டுப் போறேன். உங்க ரெண்டு பேர்ல யாராவது இவ தலையைத் தொட்டீங்க, நாளைக்கு சர்ச்சுல எல்லார் முன்னாடியும் நடந்தது முழுசையும் மைக்குல சொல்லுவேன்."

"குடும்ப மானத்தை..." என்று தொடங்கினாள் வெர்னல்.

"அது இந்தப் பிள்ளை காதுக்குப் பின்னால வெந்துபோய்க் கிடக்கு. பார்த்துக்கோங்க."

அந்த நேரத்தில் லாமாரின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தவன் முகம் சாம்பலானது. வீடியோ அழைப்பு; திரையில் ராணுவச் சீருடையில் யொலண்டா. மாமியார் சாவுக்கு விடுப்பு வாங்கிக்கொண்டு விமானம் ஏறக் காத்திருப்பவள். விடிந்தால் அட்லாண்டாவில் வந்து இறங்குவாள். எங்கே இருந்தாலும், ஏறுமுன் மகள் முகத்தைப் பார்க்காமல் ஏறமாட்டாள்.

அவன் விரல் பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவே நின்றது. பழக்கத்தில் பச்சையைத் தொட்டுவிட்டது.

"லாமார்! அத்தை தலையை ஷெரீஸே சீவிவிட்டாங்களாமே, மேவிஸ் மெசேஜ் அனுப்பினாங்க. நல்லது பண்ணினாங்க!" விமான நிலையத்து இரைச்சலுக்கு நடுவே யொலண்டாவின் குரல் அந்த அறை முழுக்கக் கேட்டது. "எங்க என் குட்டி? காட்டு அவளை. கொண்டை நேரா போட்டியா, கோணலாப் போட்டியா?"

லாமார் போனை நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டான். வெர்னலைப் பார்த்தான். ஷெரீஸைப் பார்த்தான்.

கெசியா அத்தையின் பாவாடையை விட்டுவிட்டாள். வெள்ளை ரிப்பனை இழுத்து அவிழ்த்துத் தரையில் போட்டாள். நடந்து போய் அப்பாவின் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"அம்மா," என்றாள், திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு. "நான்தான். பயந்துடாதே."